கொமிசேர் காலுக்கு ஒரு பலகை

முப்பத்தெட்டு வயது முடிந்தும் கண்ணையன் மேடையில் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. வேறு எந்தக் குறையையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல. மில்லில் நூல் கிடங்குக்குச் சிட்டை எழுதுகிற வேலை, உப்பளத்தில் ஒரு ஓட்டு வீடு, தனக்கொடி என்று வாய்த்துடுக்கான ஒரு மனைவி, எல்லாம் அவர் தகுதிக்கு மேலேயே அமைந்திருந்தன. ஆனால் உதயதாரகை நாடக சபையில் பதினோரு வருஷம் இருந்தும் வாயில்காப்போன் மூன்று தடவை, தபால்காரன் இரண்டு தடவை, மற்றபடி 'கூட்டத்தில் ஒரு குரல்' என்பதற்கு மேல் அவர் போகவில்லை.

மேடையில் சாகிறவனுக்குத்தான் மரியாதை என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். மறுநாள் மில் வாசலில் டீ குடிக்கிறவர்கள் செத்தவனைப் பற்றித்தான் பேசுவார்கள். தபால்காரனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வந்தான், கடிதத்தைக் கொடுத்தான், போனான்.

இப்படியிருக்கையில் ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்துக்காக வாத்தியார் கலியபெருமாள் ஒரு புது நாடகம் எழுதினார். சபைக்கு நாடகம் எழுதுவது, பழக்குவது, ஆர்மோனியம் வாசிப்பது எல்லாம் அவர்தான். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலாவது வருஷம் அது. இனிமேல் ஒரு கொமிசேரை, அதாவது அந்தக் காலத்துப் போலீஸ் அதிகாரியை, மேடையில் ஏற்றித் திட்டினால் யாரும் வந்து பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று வாத்தியாருக்கு நிச்சயமாகியிருந்தது. கதை இதுதான்: கிராமத்துக் குடியானவர் ஒருவர் தன் மகனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். கொமிசேர் அவரை அடிக்கச் சொல்கிறான். அடுத்த காட்சியில் கிழவர் தள்ளாடி வந்து, கிணற்றடியில் விழுந்து, மகள் மடியில் தலை வைத்து ஒன்றேகால் பக்கம் பேசிச் சாகிறார்.

ஒன்றேகால் பக்கம்! கண்ணையன் காகிதத்தை வாங்கி வரிகளை எண்ணினார். முப்பத்தோரு வரி இருந்தது.

சபையில் மொத்தம் ஒன்பது பேர். அதில் நாலு பிரெஞ்சு வார்த்தையை நாக்கு குழறாமல் கத்துவதற்குக் கண்ணையனை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே கொமிசேர் வேஷம் அவருக்கு என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. கிழவர் வேஷம் வடிவேலுக்கு என்று பேச்சு. வடிவேல் தறி ஓட்டுகிற பையன், இருபத்தாறு வயது, நல்ல ஞாபகசக்தி. கண்ணையன் மூன்று நாள் வாத்தியார் வீட்டுக்கு நடையாய் நடந்தார்.

"ரெண்டு வேசமும் நானே கட்டறேன் வாத்தியாரே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மேடையில இல்லியே."

"அடிக்கச் சொல்றவனும் நீயி, அடிபடறவனும் நீயா?"

"அதானே நடிப்பு!"

வாத்தியார் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி. ஆனா ஒண்ணு. கொமிசேர் வர்றப்ப காலில பூட்ஸ் இருக்கணும். நம்ம ஊரு ஜனங்க கொமிசேர நேருல பாத்தவங்க. செருப்புக் காலோட வந்தா கொட்டாயி சிரிச்சிடும்."

பூட்ஸ் சாமிக்கண்ணுவிடம் கிடைத்தது. சாமிக்கண்ணு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனில் வந்தவர். சைகோனில் ஒரு குதிரைப்படைக் கப்பித்தேனுக்கு ஆர்டர்லி. கப்பித்தேன் ஊருக்குப் போகும்போது முழங்கால் வரைக்கும் வருகிற தன் பழைய பூட்ஸை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். சாமிக்கண்ணு அதைக் காலில் போட்டதே இல்லை. மாதம் ஒரு தடவை பாலிஷ் போட்டு அலமாரியில் நிறுத்தி வைப்பார். அதில் முகம் பார்த்துச் சவரம்கூடச் செய்யலாம்.

"கத்தி, கத்தரி எதுவும் இது கிட்ட வரக்கூடாது. ஒரு கீறல் உயுந்துதுன்னா அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கப்பித்தேனுக்குச் சின்னக் கால். கண்ணையனுக்கு அப்படியில்லை. பவுடர் போட்டு, பல்லைக் கடித்து, எழுந்து நின்று தரையை நாலு உதை உதைத்ததும் பூட்ஸ் ஏறிவிட்டது. ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். நெஞ்சு நிமிர்ந்தது, குரல் தடித்தது. ஒத்திகையில் அவர் போட்ட சத்தத்தில் தெருநாய் ஒன்று எழுந்து ஓடியது. இறங்கச் சொன்னபோதுதான் பூட்ஸ் தன் குணத்தைக் காட்டியது. பெஞ்சில் உட்காரவைத்து வடிவேல் ஒரு காலை இழுத்தான். பெஞ்சோடு வந்தார். இரண்டு பேர் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இழுத்தார்கள். இந்தத் தடவை பெஞ்ச் நின்றது, கண்ணையன் மட்டும் தரைக்கு வந்தார். கடைசியில் ஒருவன் அக்குளில் கைகொடுத்துப் பிடிக்க, மூன்று பேர் இழுத்து, இரண்டு பூட்ஸும் கழல கால் மணி நேரம் ஆயிற்று.

நாடகத்தில் கொமிசேர் உள்ளே போவதற்கும் கிழவர் வெறுங்காலோடு வெளியே வருவதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பாட்டு. மகள் வேஷம் கட்டுகிற இராமதாஸ் பாடுவான். மூன்று சரணம், நாலு நிமிஷம்.

வாத்தியார் தீர்ப்பைச் சொன்னார். "நாடகத்தன்னிக்கிப் பாட்டு முடியறதுக்குள்ள பூட்ஸு கழண்டா நீயே செத்துக்கோ. கழலலேன்னா வடிவேலு சாவட்டும்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றான் வடிவேல். அவசரமில்லாதவன் ஒத்திகையில் ஓரமாக நின்று முப்பத்தோரு வரிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணையன் பார்த்திருந்தார்.

பூட்ஸுக்கு மருந்து அந்தப் பூட்ஸின் சொந்தக்காரரிடமே இருந்தது. "நாலு பேரு எதுக்குய்யா? கப்பித்தேன் ஒருத்தரையும் கூப்பிட மாட்டாரு" என்றார் சாமிக்கண்ணு. "மொழங்கை நீளத்துக்கு ஒரு பலகை வெச்சிருந்தாரு. ஒரு முனையில லாடம் மாதிரி வாய் வெட்டியிருக்கும். வாய்க்குக் கொஞ்சம் பின்னால, அடியில ஒரு கட்டை. அதனால வாய்ப்பக்கம் மட்டும் தூக்கினாப்போல நிக்கும். ஒரு காலால பலகைய மிதிச்சிக்கணும். இன்னொரு காலு குதிய வாயில குடுத்து இழுக்கணும். பூட்ஸு அங்கியே நின்னுடும், காலு மட்டும் வெளிய வந்துடும். தீர்பொத்துன்னு பேரு."

கண்ணையன் மறுநாளே வைத்திக்குப்பத்துக்குப் போனார். அங்கே கிருஷ்ணசாமி ஆசாரி மணலில் கவிழ்த்துப்போட்ட படகு ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு வெளியே வராமலே பதில் சொன்னார்.

"படகு வேல தலைக்கு மேல கெடக்குது. மாசி மகம் போவட்டும், வா."

"மகத்துக்கு மறு ஞாயித்துக்கெழம நாடகம், ஆசாரியாரே."

"அப்ப நீயே பண்ணிக்கோ."

இதை ஆசாரி வேடிக்கையாகச் சொன்னார். கண்ணையன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பலகை, ஒரு வாய், ஒரு கட்டை. மூன்றே சமாசாரம். சிட்டை எழுதுகிறவனுக்கு இது ஒரு பிரமாதமா? ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, அரம் எல்லாம் இரவல் கேட்டார். ஆசாரி படகுக்கடியிலிருந்து தலையை நீட்டி முதலில் அவருடைய கையைத்தான் பார்த்தார்.

"சாமான் அஞ்சு, வெரலு பத்து. எண்ணிக்க. எல்லாம் முழுசா திரும்பி வரணும்."

வீட்டுக்கு வந்ததும் கண்ணையன் முறைப்படி ஆரம்பித்தார். மில் சிட்டையின் பின்பக்கத்தில் தேதி போட்டு, 'பூட்ஸ் கழற்றும் பலகை' என்று தலைப்பிட்டு, கீழே கோடு கிழித்து, நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டம் போட்டார். பூட்ஸை அந்தக் காகிதத்தின்மேல் நிறுத்திக் குதியைச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொண்டார். இவ்வளவு ஒழுங்காக ஆரம்பித்த வேலை எதுவும் கெட்டுப்போக முடியாது என்று அவருக்குத் தோன்றியது. மில்லுக்கு நூல் சுற்றுகிற பாபின் வந்த பெட்டியின் பலகை ஒன்று கிடந்தது. இலேசான மரம், வெட்ட சுலபம் என்று அதை எடுத்தார். ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து, நடுத்துண்டை எடுக்க உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டார். பலகை பனை ஓலை கிழிகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இரண்டாகப் பிளந்தது.

"நல்லதாப் போச்சு. அடுப்புக்குச் சுள்ளி இல்லாம இருந்துச்சு" என்று தனக்கொடி இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கெட்டியான மரம் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. வீட்டில் இருந்த ஒரே கெட்டியான மரம் தனக்கொடி பருப்பு டப்பாக்களை அடுக்கியிருந்த பூவரசம் பலகை. அவள் தண்ணீருக்குப் போன நேரமாகப் பார்த்து அதைச் சுவரிலிருந்து கழற்றினார். டப்பாக்களைத் தரையில் உயரவாரியாக வரிசைப்படுத்தி வைத்தார். ஒழுங்காக வைத்திருந்தால் திட்டு குறையும் என்பது கணக்கு. குறையவில்லை.

"இன்னாங்க இது? மேடையில சாவறதுக்கு என் சமையக்கட்ட பிரிக்கணுமா? சும்மா செத்தா ஆவாதா?"

"முப்பத்தோரு வரி, தனக்கொடி."

"அதான் பத்து நாளா காதுல கேட்டுக்கினு இருக்கேனே! சாம்பாருல உப்பு இல்லன்னாகூட 'என் கண்மணியே'ன்னு ஆரமிக்கிறீங்க."

பூவரசு பாபின் பெட்டி மாதிரி இளகவில்லை. ரம்பம் பாதியில் சிக்கிக்கொண்டது. கூர்வைத்துக் கொடுக்கச் சொல்லி வைத்திக்குப்பம் போனபோது, முந்தைய பலகையின் கதியைக் கேட்டு ஆசாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "வாயி எங்க முடியுதோ அங்க மொதல்ல ஒரு தொளை போடு. வெடிச்சா அந்தத் தொளையோட நின்னுடும்" என்று துரப்பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். "சாமான் ஆறு" என்று விரலைக் காட்டி எண்ணவும் மறக்கவில்லை.

துளை போட்டு அறுத்ததில் வாய் ஒழுங்காக வந்தது. ஆனால் பென்சில் கோட்டுக்கு உள்பக்கமாக அறுப்பதா, வெளிப்பக்கமாக அறுப்பதா என்று அவர் சிட்டையில் எழுதிவைக்கவில்லை. உள்பக்கமாக அறுத்துவிட்டார். பூட்ஸின் குதி வாய்க்குள் போகவே மாட்டேன் என்றது. இரண்டு சாயங்காலம் அரத்தால் ராவினார். மரத்தூள் காப்பியில் மிதந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் குதி போகிறது, வருகிறது, தாராளமாகச் சுற்றிப்பார்க்கிறது. இப்போது வாய் பெரிதாகிவிட்டது. நல்லவேளையாக மில்லில் தறி நாடாவை அடிக்கிற பிக்கர் என்கிற தோல் துண்டு தேய்ந்துபோனது ஒன்று கிடைத்தது. அதை வெட்டி வாயின் உள்விளிம்பில் வைத்துச் சின்ன ஆணியாக அடித்தார். வாயும் அளவுக்கு வந்தது, சாமிக்கண்ணுவின் பூட்ஸுக்குக் கீறலும் விழாது. 'தோல் வைத்தது முன்யோசனை' என்று அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். அந்தச் சிட்டையில் தோல் என்ற பேச்சே கிடையாது.

அடிக்கட்டையில் இன்னொரு கூத்து. 'வாய்க்குக் கொஞ்சம் பின்னால' என்று சாமிக்கண்ணு சொன்னதில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளாமல், பலகையின் நீளத்தைச் சரிபாதியாக அளந்து நட்டநடுவில் அடித்துவிட்டார். வாசலில் வைத்து, பின்பக்கத்தை மிதிக்கவேண்டிய காலை மறந்துபோய் முன்பக்கத்தில் வைத்தார். மறுமுனை ஏற்றம் மாதிரி எழுந்துவந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒன்று வைத்தது. கண்ணையன் அங்கேயே உட்கார்ந்து ஒரு பிரெஞ்சு வார்த்தை சொன்னார். நாடகத்தில் இல்லாத வார்த்தை.

கட்டையைப் பிடுங்கி வாய்ப்பக்கமாக நகர்த்தி, ஆணிக்குப் பதில் திருகாணி போட்டு முடுக்கினார். பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றார். இடதுகாலால் பலகையை மிதித்தார். வலதுகுதியை வாயில் கொடுத்து இழுத்தார். கொஞ்சம் அடம்பிடித்து, பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கால் வெளியே வந்தது. பூட்ஸ் மட்டும் பலகையில் தனியாக நின்றது. இன்னொரு காலும் அப்படியே. தனக்கொடி எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து முப்பது எண்ணவில்லை.

"அடேயப்பா!" என்றாள். அதற்குப் பிறகு, "அப்ப என் பலகைய எப்ப திருப்பித் தரப்போறீங்க?" என்றாள். கண்ணையனுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

அவருக்குத் தலைக்கனம் ஏறியது அன்றைக்குத்தான். பலகையைப் பையில் போட்டு மில்லுக்கு எடுத்துப்போனார். வாசலில் டீக்கடைப் பெஞ்சில் வைத்து, இது என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார். தேங்காய் துருவுகிற பலகை என்றான் ஒருவன். கோழிக் கழுத்தை வைத்து வெட்டுகிறது என்றான் இன்னொருவன். ஆசாரியிடம் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும்போதும் எடுத்துக் காட்டினார். ஆசாரி ஒரு கண்ணை மூடிப் பலகையின் ஓரத்தைப் பார்த்தார்.

"பரவால்லியே. கட்டை கோணலா இருக்குது."

"கோணலா?"

"இருந்துட்டுப் போவட்டும். நான் சொல்லலேன்னா உனக்கு நேராத்தானே இருந்துச்சு."

ஒத்திகையில் பாட்டின் இரண்டாம் சரணம் முடிவதற்குள் கண்ணையன் வெறுங்காலோடு வந்து நின்றார். வாத்தியார் தலையை ஆட்டினார். வடிவேல், "நல்லா பண்ணியிருக்கீங்கண்ணே" என்றான். உதடு அசைவதை நிறுத்திக்கொண்டான். கிழவர் வேஷத்துக்குப் போட்டியே இல்லாமல் போய்விட்டது. பலகை செய்த வேலை அது. இதோடு நின்றிருக்கலாம்.

நாடகத்தன்று நாலு மணிக்கே ஜனங்கள் வந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குத் திரை. அதற்கு முன் வழக்கமாக மேடைக்குப் பின்னால் ஒரு பூசை உண்டு. ஆர்மோனியம், மிருதங்கம், அரிதாரப் பெட்டி, அட்டைக் கத்தி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டுவார் வாத்தியார். கண்ணையன் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் இடம் பண்ணித் தன் பலகையை வைத்தார்.

"இது எதுக்குய்யா?" என்றார் வாத்தியார். "காலு வெக்கிற சாமானு."

"தறியில மிதிகட்டை கூடத்தான் காலு வெக்கிறது. ஆயுத பூசையில அதுக்குப் பொட்டு வெக்கிறதில்லையா? நாடகமே இத்த நம்பித்தான் நடக்குது வாத்தியாரே."

நெசவு வேலை தெரிந்த ஊரில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. வாத்தியார் பலகையின் நடுவில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணையனே ஒரு சாமந்திப் பூவை அதன் வாயில் செருகினார். கற்பூரம் காட்டினபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமிக்கண்ணுகூடப் போட்டுக்கொண்டார். கண்ணையன் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். பிறகு பலகையை எடுத்துப்போய், பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் சாக்குக்கட்டியால் குறி போட்டு வைத்திருந்த இடத்தில், அங்குலம் பிசகாமல் வைத்தார்.

கொமிசேர் நன்றாகவே வந்தான். கண்ணையன் பூட்ஸ் காலால் மேடையை அதிர அதிர நடந்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதைவிட ஒரு நடிகனுக்கு என்ன வேண்டும்? "அடி!" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். வெளியே இராமதாஸ் பாட்டை எடுத்தான். கண்ணையன் தொப்பியை எறிந்தார், கோட்டைக் கழற்றினார், தட்டிக்குப் பின்னால் ஓடினார். பலகையை மிதிக்க இடதுகாலைத் தூக்கினார்.

தூக்கின கால் தூக்கினபடி நின்றது.

பலகையின் நடுவில் சந்தனம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. குங்குமம் இருந்தது. வாயில் சாமந்திப் பூ இருந்தது. சற்றுமுன் கற்பூரம் பார்த்த பலகை. அதன்மேல் பூட்ஸ் காலா?

"இன்னாண்ணே நிக்கிறீங்க?" என்றான் வடிவேல்.

"கண்ணையா, வேணாண்டா!" என்று பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்தான் அம்மாவாசை. அரிதாரம் பூசுவதும், நடிகர்களுக்கு மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பதும் அவன் வேலை. "கற்பூரம் காட்டினதுடா!"

"மிதிகட்டைய மிதிக்கிறதில்லையா?" என்றார் கண்ணையன்.

"வெறுங்காலால மிதிக்கிறோம். இது தோலு."

"பலகையிலியே தோலு வெச்சிருக்கேனே."

"மிருதங்கத்துலயுந்தான் தோலு இருக்குது. போய் மிதியேன் பாப்போம்!"

சாமிக்கண்ணு குறுக்கே வந்தார். "அட, வைய்யா கால! பலகதானே! நேரம் போவுது!"

சாமிக்கண்ணு சொன்னதில் தப்பில்லை. பலகைதான். அவர் கையால் பருப்பு டப்பாக்களுக்கு அடியிலிருந்து எடுத்து, அறுத்து, ராவி, ஆணி அடித்த பலகை. அது அவருடைய மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார். இரண்டு தடவையும் கால் பலகைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. துண்டை எடுத்துப் பொட்டைத் துடைத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கையில் துண்டைப் பார்த்ததுமே அம்மாவாசை அலறினான். "குங்குமத்த அழிக்கப் போறியா? நல்ல நாளும் அதுவுமா!"

இரண்டாம் சரணம் முடிந்தது. அரிதாரப் பெட்டியின்மேல் உட்காரவைத்து இழுத்தார்கள். அம்மாவாசை இடதுகாலைக் கட்டிக்கொண்டு தொங்கினான், சாமிக்கண்ணு வலதுகாலை. "கீறல் உயுந்துடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அதனால் இழுத்ததும் இழுக்காததும் ஒன்றாகத்தான் இருந்தது. வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து திரும்பிப் பார்த்து, இராமதாஸுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் மூன்றாம் சரணத்தை மறுபடியும் எடுத்தான். அதற்கு மேலும் ஒருமுறை எடுத்தான். அப்பனை நினைத்து உருக வேண்டிய பெண், அந்த நேரத்தில் அப்பன்மேல் கோபமாக இருப்பது போலத் தெரிந்தது.

பக்கத்தில் வடிவேல் நின்றான். இடுப்பில் வேட்டி, வெறுங்கால். கண்ணையன் அந்தக் காலைப் பார்த்தார். எவ்வளவு சுலபமான கால்! கொம்பில் மாட்டியிருந்த கிழவரின் முண்டாசை எடுத்து வடிவேல் தலையில் வைத்தார். கோணலாக உட்கார்ந்தது, நேராக்கினார்.

"போடா. போயிச் செத்துட்டு வா."

"அண்ணே..."

"பாட்டு முடியுதுடா, போ!"

வடிவேல் தள்ளாடிக்கொண்டு போனான். நன்றாகத்தான் தள்ளாடினான். கிணற்றடியில் விழுந்தான், மகள் மடியில் தலை வைத்தான், "என் கண்மணியே" என்று ஆரம்பித்தான். துணியில் வரைந்த கிணற்றுக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில், அரிதாரப் பெட்டியின்மேல் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார் கண்ணையன். ஒவ்வொரு வரியாக மனசுக்குள் கூடவே சொன்னார். பாவி, நன்றாகச் சொல்கிறானே என்று ஆத்திரமாக இருந்தது. எங்கேயாவது தப்பு விடமாட்டானா என்று காத்திருந்தார். இதைப் பின்னால் அவரே வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இருபத்திரண்டாவது வரியோடு வடிவேல் நின்றான்.

ஓரமாக நின்று உதடு அசைத்தபோதெல்லாம் தடையில்லாமல் வந்த வசனம், மல்லாந்து படுத்து, எதிரே ஐந்நூறு பேர் மூச்சடக்கிக்கொண்டு பார்க்கும்போது வரவில்லை. அவன் கண் சுழன்று தட்டிப் பக்கம் வந்தது. எடுத்துக்கொடுக்க வேண்டிய அம்மாவாசை இன்னும் கண்ணையனின் இடதுகாலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். நோட்டு அந்தப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் கிடந்தது. இராமதாஸ் அப்பனின் கன்னத்தைத் தடவினான், மூக்கை உறிஞ்சினான், மறுபடி தடவினான். கொட்டகையில் யாரோ இருமினார்கள்.

இப்போது கண்ணையன் சும்மா இருந்தால் போதும். வடிவேல் பாதியில் செத்தவன் என்று பெயர் வாங்குவான், அடுத்த வருஷம் அந்த வேஷம் தேடிக்கொண்டு வரும். அவருக்கு அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தோரு வரியில் ஒன்பது வரி சொல்லப்படாமல் நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. சிட்டையில் பாதி எழுதி விட்ட மாதிரி இருந்தது.

வாயைத் திறந்தார். கிசுகிசுப்பாகத்தான் எடுத்துக்கொடுக்க நினைத்தார். பதினோரு வருஷத்துக் குரல் கிசுகிசுப்புக்கு அடங்கவில்லை. துணிக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, உடைந்து, மூச்சு வாங்கி வந்தது. வடிவேல் புத்திசாலி. மேற்கொண்டு எதுவும் முயலாமல் உதட்டை மட்டும் அசைத்தான். ஒன்பது வரியும் அப்படியே போயிற்று. கடைசி வரியில், "மண்ணை விட்டுடாதீங்கடா" என்கிற இடத்தில் கண்ணையன் நிஜமாகவே மூச்சை நிறுத்தினார். வடிவேலின் தலை சாய்ந்தது. கண்ணையனின் தலையும் தட்டியில் சாய்ந்தது. அம்மாவாசை பயந்துபோய் அவருடைய காலை விட்டான்.

கொட்டகையில் ஒரு பெண் தேம்பினாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. வாத்தியார் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்தியபடி தட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் ஜனங்கள் மேடைக்குப் பின்னால் வந்து வடிவேலைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாமா செத்தான்யா!" "மொதல்ல சாதாரணமாத்தான் இருந்துச்சு. கடைசியில கொரலே மாறிப்போச்சு பாத்தியா? சாவப்போற மனுசன் கொரலு!" கண்ணையன் அரிதாரப் பெட்டியை விட்டு எழவில்லை. கொமிசேரை யாரும் விசாரிக்கவில்லை. முன்வரிசையில் அழுத குழந்தை மட்டும் தாய் இடுப்பிலிருந்து அவரை ஒரு தடவை பார்த்து, மறுபடி அழுதது.

தனக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பூவும் பொட்டுமாக ஓரத்தில் கிடந்த பலகையைப் பார்த்தாள். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒம்பது வரி" என்றாள். "நான் எண்ணினேன்."

கண்ணையன் மூக்கைச் சிந்தினார். "நல்லா இருந்துச்சா?"

"சாவறது நல்லாத்தான் இருந்துச்சு. பொழச்சி வந்ததுதான் எனக்கு இன்னும் நம்பிக்கையில்ல."

அதற்குள் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனுஷர் வடிவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். சித்திரையில் அவர்கள் ஊரிலும் இந்த நாடகம் போட வேண்டுமாம். மற்றவர்கள் யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சாகிறதற்கு இந்தத் தம்பி கட்டாயம் வரவேண்டும் என்றார்.

வடிவேல் முண்டாசைக் கழற்றினான். பிறகு அரிதாரப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினான்.

"கண்ணையண்ணனும் வரணுங்க."

"அவரு எதுக்குப்பா? கொமிசேருக்கு எங்க ஊருலியே ஆளு இருக்குதே."

"கொமிசேருக்கு இல்லீங்க. அவரு இல்லாம எனக்குச் சாவு வராது."

பெரிய மனுஷருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடிகர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணையனிடம் வந்தார். கண்ணையன் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். பூட்ஸுக்குள் கால் மரத்துப்போயிருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

"வர்றேங்க" என்றார். "தேதிய மட்டும் கரெக்டா ஒரு கார்டுல எழுதிப் போட்டுடுங்க. மில்லுல லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்."